மீதிக்காரரின் பத்து இலக்கம்

மீதிக்காரர் என்ற பெயரைச் சின்னவள் முதன்முதலாகக் கேட்டது ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் பின்வாசலில். அழுக்கு மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்த வேன் ஓட்டி, கடைசி மூட்டையைக் கீழே போட்ட கையோடு கேட்டான்.

“ஏன்க்கா, தண்ணி மீட்டர் பட்டறையில ஒரு மீதிக்காரர் இருக்காரே, அவரு உங்க அக்கா வீட்டுக்காரராமே?”

“எங்க அத்தானுக்கு அப்படி ஒரு பேரு கிடையாது.”

“பேரு இல்லக்கா, பட்டம். எங்க அண்ணன் ஓடாத மீட்டரைத் தூக்கிட்டுப் போனான். ஓடுமா ஓடாதான்னு ஒரு வார்த்தை சொல்லலையாம். மேல அடிச்சிருக்கற நம்பரைப் பாத்துட்டு, ‘ஏழால வகுத்தா மூணு மீதி’ன்னுட்டு உள்ள போயிட்டாராம். அண்ணன் இன்னும் குழம்பிக்கிட்டு இருக்கான்.”

சின்னவள் சிரிக்கவில்லை. அக்காவை அந்த ஆளுக்குக் கொடுத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்தப் பன்னிரண்டு வருஷமும் அவரை என்ன சொல்லித் திட்டுவது என்று அவள் தேடிக்கொண்டிருந்தாள். முகம் தெரியாத எவனோ ஒரு பட்டறைக்காரன் ஒரே சொல்லில் முடித்துவிட்டான்.

வீட்டில் இரண்டு பெண்களில் இளையவள் என்பதால் அவள் சின்னவள். முப்பது தாண்டியும் அந்தப் பெயர் போகவில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். சலவைக்கூடத்துத் தைப்பறையில் அவளுக்கு வேலை. கிழிந்து வரும் படுக்கை விரிப்புகளில் எது ஒட்டுப் போட்டால் தேறும், எது துடைக்கிற துணிக்குத்தான் ஆகும் என்று பிரித்து, தேறுவதைத் தைத்து அனுப்ப வேண்டும். பள்ளிக்கூடம் போகாத குறையை அவள் உறவு முறையில் ஈடுகட்டியிருந்தாள். யார் யாருக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா, யார் வீட்டுக் கல்யாணத்தில் யார் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனார் என்று நான்கு தலைமுறைக்குச் சொல்வாள்.

மீதிக்காரரின் குடும்பத்தைப் பற்றியும் அவளுக்குத் தெரியும். அவருடைய அப்பா ஒரு கிடங்கில் எடை போட்டவர். தன் தராசு ஒரு நாளும் பொய் சொன்னதில்லை என்று சாகிறவரை எல்லாரிடமும் சொன்னார். பொய் சொன்னது என்று யாரும் சொல்லவே இல்லை. பெரியப்பா ஒருவர், நாற்பது வருஷமாகத் தனக்கு ஜலதோஷமே பிடித்ததில்லை என்று மூக்கு ஒழுக ஒழுகச் சொல்லிக்கொண்டிருப்பார். அந்த வம்சத்தில் வந்தவர் சும்மா ஒரு மீட்டர் பட்டறைக்காரராக இருந்துவிட்டுப் போவாரா? தனக்கென்று ஒரு பெருமை வேண்டும். கைக்கு எட்டும் தூரத்தில் எதுவும் இல்லை. அப்போதுதான் அடையாள அட்டை வந்தது.

அரசாங்கம் எல்லாருக்கும் அட்டை கொடுத்த வருஷம் அது. ஊரே தன் போட்டோவைப் பார்த்து நொந்துகொண்டது. இவர் ஒருத்தர்தான் போட்டோவை விட்டுவிட்டு எண்ணைப் பார்த்தவர். 4371460729. நானூற்று முப்பத்தேழு கோடியே பதினான்கு லட்சத்து அறுபதாயிரத்து எழுநூற்று இருபத்தொன்பது. ஒற்றைப்படை, அதனால் இரண்டால் போகாது. இலக்கங்களைக் கூட்டினால் நாற்பத்து மூன்று, அதனால் மூன்றால் போகாது. கடைசியில் ஐந்தோ சைபரோ இல்லை. ஏழால் வகுத்தார், ஆறு மீதி. பதினொன்றால் வகுத்தார், ஒன்பது மீதி. பதின்மூன்றால் வகுத்தார், பன்னிரண்டு மீதி. இன்னும் ஒன்று இருந்திருந்தால் சரியாகப் போயிருக்கும். அந்த ஒன்றில் தப்பித்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

“இது பகா எண். எதாலயும் வகுபடாது. இந்த மாதிரி நம்பர் எல்லாருக்கும் அமையாது” என்றார், ஏதோ அவரே பத்து மாதம் சுமந்து பெற்றதைப் போல.

அக்காவின் அட்டையை வாங்கிப் பார்த்தார். கடைசி இலக்கம் நான்கு. “இரட்டைப்படை” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்கு மேல் பேச அதில் ஒன்றுமில்லை என்பதுபோல.

அன்றைக்குச் சின்னவளும் அங்கே இருந்தாள். அவளுடைய அட்டையையும் விடவில்லை.

“கூட்டினா முப்பத்தாறு. ஒம்பதாலயே போகுது. ரொம்ப லேசான நம்பர்.”

“லேசா இருந்தா தூக்கிட்டு அலையறது சுலபம் அத்தான்” என்றாள் சின்னவள்.

அவருக்கு அது ஏறவில்லை. அவர் காதில் எண்ணைத் தவிர எதுவும் ஏறாது.

பகா எண் என்று வாயால் சொன்னால் போதுமா? நிரூபிக்க வேண்டும். அதற்கு ஒரு வழி உண்டு. அந்தப் பெரிய எண்ணை எந்த இரண்டு எண்களின் பெருக்கலாக உடைத்தாலும், இரண்டில் சின்னது அறுபத்தாறாயிரத்துச் சொச்சத்தைத் தாண்ட முடியாது. இரண்டுமே அதற்கு மேல் இருந்தால் பெருக்கி வருவது அந்த எண்ணையே தாண்டிவிடும். ஆகவே அதுவரைக்கும் வகுத்துப் பார்த்தால் போதும். அதிலும் எல்லா எண்ணாலும் வகுக்க வேண்டாம். ஆறால் போகிற எண் முதலிலேயே இரண்டால் போயிருக்கும். பகா எண்களால் மட்டும் வகுத்தால் போதும். அப்படிக் கழித்துப் பார்த்தால் ஆறாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் வகுத்தல். நாளைக்கு இரண்டு போட்டால் ஒன்பது வருஷம்.

புத்தி உள்ளவன் இந்த இடத்தில் பென்சிலைக் கீழே வைத்திருப்பான். இவர் இன்னொரு பென்சிலைச் சீவினார்.

முதல் வேலையாக ஒரு சுருள் செய்தார். கட்டம் போட்ட பெரிய தாள்களில், வரிக்குப் பத்து எண்ணாக ஒன்றிலிருந்து எழுதிக்கொண்டே போய், இரண்டின் மடங்கு, மூன்றின் மடங்கு, ஐந்தின் மடங்கு என்று அடித்துக்கொண்டே வந்தார். அடிபடாமல் மிஞ்சியவை பகா எண்கள். பிறகு தாள்களை ஒன்றின் கீழ் ஒன்றாகப் பசை போட்டு ஒட்டி, திரைச்சீலைத் தடியில் சுற்றி வைத்தார். அதில் யாரும் கை வைக்கக்கூடாது. அக்கா ஒரு தடவை தூசி தட்டப்போய் மூன்று நாள் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

மூன்றாவது மாடியில் இரண்டு அறையும் ஒரு சமையலறையும் கொண்ட வீடு அது. முன்னறையில் அவருடைய மேசை. மேசைக்கு அடியில் மகளின் படுக்கை, ஏனென்றால் மற்ற இடமெல்லாம் நோட்டுகள். வந்தவர்கள் உட்கார நாற்காலி கிடையாது. நின்றபடியே தங்கள் அட்டை எண்ணைச் சொல்ல வேண்டும், அது எதால் வகுபடும் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். சொந்தக்காரர்கள் மெல்ல மெல்ல வருவதை நிறுத்தினார்கள்.

பட்டறை எழுத்தர் அந்த நாளில் புதிதாக ஒரு கால்குலேட்டர் வாங்கி வந்தார். அதில் எட்டு இலக்கத்துக்கு மேல் விழாது. மீதிக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எட்டு இலக்கத்துலயே இதுக்கு மூச்சு வாங்குது” என்று திருப்பிக் கொடுத்தார். அன்று சாயங்காலம் வீட்டில் அவர் இருந்த குஷியை ஒரு குழந்தை பிறந்த அன்றுகூட யாரும் பார்த்ததில்லை.

குழந்தை என்றதும் மகளைச் சொல்ல வேண்டும். அட்டை வந்தபோது அவளுக்குப் பத்து வயது. அவர் வகுத்து முடித்ததும், வந்த ஈவை வகுத்த எண்ணால் பெருக்கி, மீதியைக் கூட்டி, பழைய எண் திரும்பி வருகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அதுதான். மற்றப் பிள்ளைகள் தெருவில் கத்துவது ஜன்னல் வழியாகக் கேட்கும். அவள் இடது கையால் காதைப் பொத்திக்கொண்டு வலது கையால் பெருக்குவாள்.

பன்னிரண்டு வயதிலேயே அவள் அவரைவிட வேகம். அவர் பென்சில் சீவி முடிப்பதற்குள் பெருக்கி முடித்துவிடுவாள். அவர் போட்டதில் தப்பு இருந்தால் சொல்லமாட்டாள். சொன்னால் அவர் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார், அக்கா அழுவாள். அதனால் அவளே அழித்துத் திருத்தி வைத்துவிடுவாள். இப்படி எத்தனை திருத்தினாள் என்று சின்னவள் ஒரு தடவை கேட்டாள்.

“எண்ணலை சித்தி. எண்ணறதுக்கு வேற எண்ணு வேணுமேன்னு விட்டுட்டேன்.”

பத்தொன்பது வயதில் அந்தப் பெண் சிரிக்காமலே வேடிக்கை பேசக் கற்றிருந்தாள்.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் கடைசி வகுத்தல் முடிந்தது. மீதி இருந்தது. அவர் எழுந்து நின்று, சமையலறைப் பக்கம் பார்த்து, “முடிஞ்சிருச்சு” என்றார்.

“கையைக் கழுவிட்டு வாங்க” என்றாள் அக்கா.

மறுநாள் பட்டறையில் பிஸ்கட் கொடுத்தார். பிஸ்கட் தின்றபடியே அரைமணி நேரம் பிரசங்கம் கேட்க வேண்டியிருந்ததால், இனி இந்த ஆள் கொடுக்கும் எதையும் வாங்கக்கூடாது என்று பட்டறையில் முடிவானது. டாக்டர்களுக்குப் பெயர்ப்பலகை செய்பவரிடம் போய்ப் பித்தளைத் தகடு ஒன்றுக்குச் சொல்லிவிட்டு வந்தார். அதில் அவர் பெயர் வேண்டாம். அந்தப் பத்து இலக்கமும், கீழே ‘எதாலும் வகுபடாதது’ என்றும் இருந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறை ஆட்கள் எல்லாரையும் கூட்டிவைத்து வாசல் கதவில் அடிக்க வேண்டும்.

அதே வாரம்தான் மகளுக்குக் கடிதம் வந்தது. வேறு ஊரில் உள்ள வானிலை அலுவலகத்திலிருந்து. காற்று, மழை, வெப்பம் என்று வந்து குவியும் அளவுகளைக் கணக்குப் போட்டுத் தரும் வேலை. பரீட்சையில் அவள் முதலாவதாக வந்திருந்தாள். தங்குமிடம் உண்டு. அடுத்த மாதம் ஒன்றாம் தேதி சேர வேண்டும், தவறினால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். இருபத்தொரு வயது ஆகாததால் தகப்பன் கையெழுத்து வேண்டும். அவ்வளவுதான். ஒரு கையெழுத்து.

“போ. நானா வேண்டாம்னேன்? ரெண்டாம் சுத்து முடியட்டும்” என்றார் மீதிக்காரர்.

“என்னப்பா ரெண்டாம் சுத்து?”

“இதுவரைக்கும் நான் வகுத்தேன், நீ பெருக்கினே. இனிமே முதல்லருந்து நீ வகுக்கணும், நான் பெருக்கிப் பாக்கணும். ரெண்டு கை பட்டாத்தான் நிரூபணம் முழுசு.”

“அதுக்கு ஒம்பது வருஷம் ஆகும்பா.”

“நீ வேகமாப் போடுவே. ஏழுல முடிஞ்சிரும்.”

அவள் கடிதத்தை மேசைமேல் வைத்தாள். அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் அக்கா பேசியதைக் கணக்கெடுத்தால் அது ஒரு கை விரலுக்குள் அடங்கும். கடிதம் மேசைமேல் ஒரு நோட்டுக்கு அடியில் போய்விட்டது. ஒன்றாம் தேதிக்குப் பத்து நாள்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மீதிக்காரர் சின்னவளுக்கு ஒரு பெரிய கௌரவம் கொடுத்தார். ஒன்பது வருஷம் சுற்றிப் பிரித்துச் சுருளின் ஓரமெல்லாம் கிழிந்துபோயிருந்தது. இரண்டாம் சுற்றுக்குத் தாங்க வேண்டுமே.

“சின்னவளே, உன்னை நம்பி ஒரு பொறுப்பு தரேன். ரெண்டு ஓரத்துலயும் துணி நாடா வச்சுத் தச்சுக் குடு. உள்ள இருக்கறது உனக்குப் புரியாது, புரிய வேணாம். ஓரத்தை மட்டும் பாரு.”

“ஓரம் பாக்கறதுதானே அத்தான் என் பொழப்பு” என்று வாங்கி வந்தாள். சாக்கடையில் போட்டுவிட்டுத் தொலைந்துவிட்டது என்று சொல்லிவிடலாமா என்று வழி நெடுகப் பார்த்துக்கொண்டே வந்தாள். தொலைந்தால் இன்னொரு சுருள் செய்ய மகளை இன்னும் மூன்று வருஷம் உட்கார வைப்பார் என்று தோன்றியதால்தான் போடவில்லை.

தைப்பறையில் நீள மேசைமேல் சுருளைப் பிரித்து நாடா வைத்துக்கொண்டே போனாள். எண்கள் அவளுக்குக் கறுப்புப் பொட்டுகள்தான். ஆனால் இணைப்பு அவளுக்குத் தெரியும். இரண்டு துணியைச் சேர்த்தால் மடிப்புக்குள் கொஞ்சம் போகும், அதற்கு முன்கூட்டியே விட வேண்டும். அதைக்கூட விடாமல் தைத்த விரிப்புகள் எத்தனையோ அவள் மேசைக்கு வந்திருக்கின்றன. இந்த மனுஷன் அதைச் சரியாகத்தான் செய்திருந்தார். ஒவ்வொரு தாளிலும் மேல் வரியை வெறுமையாக விட்டு, அந்த வெறும் வரியை முந்தின தாளின் அடியில் செருகி ஒட்டியிருந்தார். எழுத்து தாளின் கடைசி வரிவரை வந்து நின்றது. பதினேழு தாளும் அப்படியே.

பதினெட்டாவது தாளின் அடியில் மட்டும் ஒரு வரி காலியாக இருந்தது.

சின்னவள் நாடாவைக் கீழே வைத்தாள். எல்லாத் துண்டும் ஒரே அளவு. எல்லாவற்றிலும் ஒரே எண்ணிக்கை வரி. அடியில் ஒரு வரி மிஞ்சினால், மேலே ஒரு வரி அதிகமாக ஏறியிருக்க வேண்டும். அப்படியென்றால் மேலே வெறும் வரி விட மறந்து, உச்சியிலிருந்தே எழுதியிருக்கிறார். ஒட்டும்போது எழுதின வரியே மடிப்புக்குள் போயிருக்கிறது. கால்சட்டை தைக்கிற பையன்கூடக் கண்டுபிடிப்பான்.

நீராவி இஸ்திரிப் பெட்டியை எடுத்து அந்த ஒட்டின் மேல் மெதுவாகக் காட்டினாள். பசை இளகியது. நகத்தால் தூக்கினாள். உள்ளே பத்து எண்கள், பசையில் மஞ்சளித்து, ஒன்பது வருஷமாக மூச்சு விடாமல் கிடந்தன. ஒன்பது அடிபட்டிருந்தன. முதலாவது மட்டும் அடிபடவில்லை. 8501.

சாப்பாட்டு நேரத்துக்கு அக்கா மகள் வந்தாள், சுருளை வாங்கிக்கொண்டு போக. இயந்திரங்கள் நின்று சலவைக்கூடம் அமைதியாக இருந்தது.

“பாப்பா, இந்த நம்பரால உங்கப்பா வகுத்தாரா?”

பெண் குனிந்து பார்த்தாள். பையிலிருந்து நோட்டை எடுத்துப் பக்கத்தைப் புரட்டினாள். “எட்டாயிரத்து நானூத்து அறுபத்தேழு இருக்கு. மீதி ஏழாயிரத்து எண்ணூத்துத் தொண்ணூத்தெட்டு. அதுக்கு அடுத்தது எட்டாயிரத்து ஐந்நூத்துப் பதிமூணு... இது இல்லையே சித்தி.” மறுபடி பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். “இந்த இடத்துல நாப்பத்தாறு எண்ணு தூரத்துக்கு ஒரு பகா எண்கூட இல்லைன்னு அப்பா பெருமையாச் சொல்வார். வெட்டவெளின்னு பேரே வச்சிருக்கார்.”

“வெட்டவெளி இல்ல. மடிப்பு.”

பெண்ணுக்குக் காகிதம் தேடப் பொறுமையில்லை. துடைக்கிற துணிக்கு ஒதுக்கிய விரிப்பு ஒன்றை மேசைமேல் விரித்து, சின்னவள் துணியில் குறி போடும் சுண்ணாம்புக் கட்டியால் அதன் மேலேயே வகுக்க ஆரம்பித்தாள். ஐந்து தடவை போனது. பிறகு ஒன்று, நான்கு, இரண்டு, இரண்டு. கடைசியில் கீழே எழுபத்தாறாயிரத்து ஐந்நூற்று ஒன்பது நின்றது. அவள் உதடு அசைந்தது. எட்டாயிரத்து ஐந்நூற்று ஒன்றை ஒன்பதால் பெருக்கினால் எழுபத்தாறாயிரத்து ஐந்நூற்று ஒன்பது. கழித்தாள். சைபர்.

மீதி இல்லை.

“வகுபடுது சித்தி. அஞ்சு லட்சத்துப் பதினாலாயிரத்து இருநூத்து இருபத்தொம்பது தடவை. சுத்தமா.”

பிறகு சிரித்தாள். அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்து யாரும் கேட்டதில்லை. அதனால் இஸ்திரி போடுகிற கிழவர் கதவருகில் வந்து என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சிரித்து முடித்ததும் முகம் வெளிறிவிட்டது.

“சித்தி, இதை அப்பாகிட்ட சொல்லிராதீங்க.”

“ஏன்டி? இதோட எல்லாம் முடிஞ்சுதே!”

“முடியாது. இது இல்லேன்னா வேற ஒண்ணு. பட்டறையில இருக்கற நம்பரையெல்லாம் எடுத்துக்கிட்டு மறுபடி ஒண்ணுலருந்து ஆரம்பிப்பார். மறுபடி நான்தான் பெருக்கணும். இந்த நம்பர் சரின்னு இருந்தாலாவது இந்த நம்பரோட போகும்.”

சின்னவள் யோசித்தாள். ஒன்பது வருஷம் இரவல் வாங்கிய மூளையை அந்த ஆள் உண்மை தெரிந்தாலும் திருப்பித் தரமாட்டார். ஆனால் பொய்யைக் காப்பாற்ற என்ன வேண்டுமானாலும் தருவார்.

“ஊருக்குச் சொல்லமாட்டேன். அவருக்கு மட்டும் சொல்றேன்” என்றாள். சுண்ணாம்புக் கணக்குப் போட்ட விரிப்பைச் சுருட்டிக் கொதிதொட்டியில் போட்டாள்.

சனிக்கிழமை மாலை அவள் போனபோது, மீதிக்காரர் மேசையில் பித்தளைத் தகட்டை வைத்து, நான்கு திருகாணிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

“நாடா தச்சாச்சா?”

“தச்சாச்சு. ஒரு ஒட்டு பிரிஞ்சுது. பதினெட்டாவது தாள். உள்ள ஒரு வரி இருக்கு அத்தான்.”

“என்ன வரி?”

விரித்துக் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், துடைத்துப் போட்டார். பிறகு அவள் நிற்பதையே மறந்து பென்சிலை எடுத்தார். பெண் சுண்ணாம்பால் மூச்சு விடுவதற்குள் முடித்ததை அவர் வேர்த்து விறுவிறுத்து முடிக்கக் கால்மணி நேரம் ஆனது. நடுவில் ஒரு இடத்தில் கழித்தல் தப்பாகி அழித்தார். அது பதற்றத்தில் வந்த தப்பா, எப்போதுமே இப்படித்தானா என்று சின்னவளுக்குத் தெரியும்.

சைபர் விழுந்தது. பென்சிலைக் கீழே வைத்தார்.

“அவ எங்க? அவதானே சரிபாத்தா? ஒம்பது வருஷமா என்ன கிழிச்சா?”

சமையலறை வாசலில் அக்கா வந்து நின்றாள். கையில் துடைத்துக்கொண்டிருந்த தட்டு. “அவ பாத்தது உங்க வகுத்தலை. ஒட்டினது நீங்க” என்றாள். தட்டைத் துடைத்தபடியே திரும்ப உள்ளே போய்விட்டாள்.

மீதிக்காரர் வாசலைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார். அவர் அடுத்துக் கேட்ட கேள்வி இதுதான்:

“யாருக்கெல்லாம் தெரியும்?”

எப்படி நடந்தது என்று கேட்கவில்லை. மகளுடைய ஒன்பது வருஷம் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. சின்னவளுக்கு அவர்மேல் ஏதாவது இரக்கம் மிச்சம் இருந்திருந்தால், அதுவும் அந்தக் கேள்வியோடு போனது.

“எனக்குத் தெரியும். உங்க பொண்ணுக்குத் தெரியும். இப்ப உங்களுக்கு. நாளைக்குப் பட்டறை ஆளுங்க வரும்போது சுருளை விரிச்சுக் காட்டுவீங்கல்ல? நான் பக்கத்துலயே நின்னு, இந்த ஒட்டு எப்படிப் பிரிஞ்சுதுன்னு சொல்றேன். எழுத்தர் பத்து இலக்கம் விழற கால்குலேட்டர் கொண்டு வருவாரா?”

“நீ அப்படிச் செய்யமாட்டே.”

“செய்வேன் அத்தான். எனக்கு ரொம்ப லேசான நம்பர்.”

அவர் எழுந்தார், உட்கார்ந்தார். தன் எதிரில் நிற்பவள் ஆஸ்பத்திரி விரிப்புக்கு ஒட்டுப் போடுகிறவள் என்பது அவருக்கு எல்லாவற்றையும்விட அதிகமாக வலித்தது. அதை அவர் முகத்தில் பார்த்துச் சின்னவளுக்கு நன்றாக இருந்தது.

“என்ன வேணும் உனக்கு?”

“அந்த நோட்டுக்கு அடியில ஒரு கடிதம் இருக்கு. கையெழுத்துப் போடுங்க.”

“போட்டா?”

“மறுபடி ஒட்டித்தரேன். எங்க மாவுப்பசையில ஒட்டினா கொதிக்கற தண்ணியில போட்டாலும் பிரியாது.”

கடிதத்தை உருவினார். மேலே கடித எண் என்று ஏழெட்டு இலக்கம் அச்சடித்திருந்தது. அவர் உதடு தானாக அசைந்தது. அந்த நேரத்திலும் அதை எதாலோ வகுத்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டாம் சுத்துக்கு ஆள் இல்லாமப் போயிடுமே” என்றார்.

“அத்தான், கீழே புள்ளி வச்ச கோட்டுல.”

போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை தகடு ஏறியது. வந்தவர்கள் நான்கு பேர். அவர் சுருளை விரிக்காமல், சுருட்டியபடியே தூக்கிக் காட்டினார். எழுத்தர் கை தட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள். மகள் அந்த நேரம் பேருந்தில் போய்க்கொண்டிருந்தாள். ஒன்றாம் தேதிக்கு இன்னும் நாள் இருந்தது, ஆனால் அவள் ஒரு நாள்கூட அந்த வீட்டில் அதிகமாகத் தங்கவில்லை. சின்னவள்தான் பெட்டியைத் தூக்கிப் போய் ஏற்றிவிட்டாள். வண்டி நகரும்போது, “சித்தி, ஒட்டியாச்சா?” என்று கேட்டாள் பெண். “கல்லு மாதிரி” என்றாள் சின்னவள்.

அதற்குப் பிறகும் மீதிக்காரர் வந்தவர்களையெல்லாம் வாசலிலேயே நிறுத்தித் தகட்டைப் படிக்க வைத்தார். நாலைந்து வருஷம் கழித்து ஒரு நாள் சின்னவளிடம் ரொம்பப் பெருந்தன்மையாகச் சொன்னார்: “உனக்கு அந்த ஒட்டு விஷயம் ஞாபகம் இருக்கா? நீ அன்னைக்கு ஏதோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டு பயந்துட்டே. நான் அப்புறம் போட்டுப் பாத்தேன். எல்லாம் சரியாத்தான் இருக்கு.” அவர் பொய் சொல்லவில்லை. முழுசாக நம்பிவிட்டார். ஒரு முட்டாள் பொய்யனாக இருந்தால்கூடப் பேசிப் புரியவைக்கலாம். நம்பிக்கைக்காரனாகிவிட்டால் நம் வேலையைப் பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதான். சின்னவள் அக்காவுக்குக் கொண்டு வந்த சோப்பைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

மகள் அந்த ஊரிலேயே கல்யாணம் செய்துகொண்டாள். மழை அளவு பார்க்கும் பிரிவுக்குத் தலைவியாகி ஓய்வும் பெற்றாள். அம்மாவுக்கு மாதம் ஒரு கடிதம். அப்பாவுக்கு வருஷம் ஒன்று, அதில் தேதியைத் தவிர எண் எதுவும் இருக்காது. அக்கா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. கடைசிவரை அந்த வீட்டில் நாற்காலி வாங்கவில்லை.

மீதிக்காரருக்கு இப்போது எண்பத்தேழு வயது. தண்ணீர் வாரியத்தின் முதியோர் விடுதியில், முதல் மாடியில், படிக்கட்டை ஒட்டின அறையில் இன்னும் மூன்று பேரோடு இருக்கிறார். பித்தளைத் தகடு இப்போது கட்டில் தலைமாட்டில்; அந்த மூன்று பேரும் தினமும் அதைப் படிக்க வேண்டும்.